நான் சொன்ன போட்டு வா

வோபர்ன், ஸ்காபரோ
16.11.2025 ஞாயிறு

அன்பு மகள் கௌசிக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம், என்னுடைய இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடித் தொப்பி போட்டு, சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். நம்பிக்கைதான், ஏனென்றால் போனில் கேட்டால் ஓம் ஓம் என்பாய், அதற்கு மேல் ஒன்றும் வராது. அப்பா ஏன் திடீரென்று கடதாசியும் பேனையுமாக இருக்கிறார் என்று யோசிப்பாய். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் போனில் பேசித்தான் இந்த வில்லங்கமே வந்தது, அதனால் இந்த முறை எழுத்தில் வருகிறேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனின் தமிழ் இது, பிழைகள் இருக்கும், உனக்கு அவை தெரியப்போவதுமில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டவனும் நான்தான், பாதிநாள் வகுப்பைத் தாண்டிப் போய்ப் பார்க்கில் பந்தடிக்கிறவர்களை உனக்குக் காட்டிக்கொண்டு நின்றவனும் நான்தான். மெதுவாக வாசி. விளங்காத இடத்தை அம்மாவிடம் கேள், என்னிடம் கேட்காதே, எனக்கு வெட்கம்.

போன ஞாயிறு முதல் பனி கொட்டியது. நான் இன்னும் காருக்குக் குளிர்காலச் சில்லு மாற்றவில்லை, அம்மா அதை நாளுக்கு மூன்று தரம் ஞாபகப்படுத்துகிறாள். பக்கத்து வீட்டு பேர்ணடெற் அன்ரி இந்த முறை நத்தார்க் கேக்குக்கு ஒரு மாதம் முன்னமே பழம் வெட்டத் தொடங்கிவிட்டா, வெட்டுவது அவ, சாப்பிடுவது நான், அதிலே குறை இல்லை. இராஜரட்ணம் அண்ணை கண்ணில் சத்திரசிகிச்சை செய்து இப்போது நன்றாகப் பார்க்கிறார். நாங்கள் டோர்செட் பார்க் மாடிவீட்டில் இருந்த காலத்தில் மேல்தட்டில் இருந்து உன்னை லிப்டில் ஏற்றி இறக்கி விளையாட்டுக் காட்டின அதே மனிதர்தான். முதல் வேலையாக என்னுடைய தலையைப் பார்த்து, உதென்னப்பா முழுக்க வெளிச்சுப் போச்சு, நான் இவ்வளவு நாளும் மயிர் கிடக்கெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான் என்றார். எல்லாரும் சுகம். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இத்தாலியில் நீ வேலை செய்த மொன்தெசல்வா உதைபந்தாட்டக் கிளப்பின் கதை உனக்குத் தெரியும், நீ அதன் புல்லுக்குள் நின்றவள். ஆனால் அந்தக் கிளப் ஏறி இறங்கின எட்டு வருஷமும் நான் இங்கே ஆடின ஆட்டம் உனக்கு முழுக்கத் தெரியாது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. எண்பத்தெட்டில் நான் இந்த நாட்டுக்கு வந்து செய்த முதல் வேலை என்னவென்று நினைக்கிறாய், யூனியன்வில்லில் பெரிய வீடுகளுக்குப் புல்லு வெட்டினது. ஒரு கொன்ட்ராக்ட்காரரின் லொறியில் பின்பக்கம் மெசினோடு மெசினாக இருந்து போவேன். வீட்டுக்கார மனிசி கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நிற்பா, நான் கோடு கோடாக வெட்டுவேன், கோடு வளைந்தால் கண்ணாடியில் தட்டுவா. நான் பெறுகிற பிள்ளை புல்லைத் தொடாது என்று அன்றைக்கு அந்த லொறிக்குள் இருந்து முடிவெடுத்தேன். பிறகு ஒரே ஒரு பிள்ளை, அது வந்து நின்று நான் கொலிஜில் புல்லைப் பற்றித்தான் படிக்கப் போகிறேன் என்றது. நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லியிருப்பாள், பொய், கோப்பிக்கடையில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். கோயிலில் கேட்டவர்களுக்குத் தாவரவியல் என்று சொன்னேன். நீ ஆறு மாதப் பயிற்சிக்கு இத்தாலிக்குப் போனபோது ஸ்ரேடியம் இன்ஜினியர் என்று சொன்னேன். அப்படி ஒரு படிப்பு இருக்கிறதோ தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது, அதனால் நன்றாக ஓடியது.

நீ அனுப்பின முதல் படம் இப்போதும் என் போனில் இருக்கிறது. கோல் வாசலில் மாடு கட்டி வைத்த இடம் மாதிரி ஒரே சேறு. மூன்றாம் டிவிசன் கிளப், நாற்பதாயிரம் பேர் உள்ள ஊர், தக்காளியை ரின்னில் அடைத்து விற்கிற முதலாளி. நீ அந்தச் சேற்றைத் தோண்டி, மண் மாற்றி, தண்ணீர் வடிய அடியில் குழாய் வைத்து, விதை போட்டு, ஒரு வருஷத்தில் கம்பளம் விரித்த மாதிரி ஆக்கினாய். பந்தை நிலத்தோடு நிலமாகக் கொடுத்து விளையாடுகிற பெடியளை வைத்துக்கொண்டு அவ்வளவு நாளும் சேற்றுக்குள் தடுமாறின அந்தக் கோச், அந்த வருஷம் சொந்த மைதானத்தில் ஒரு மட்ச்சும் தோற்கவில்லை. இரண்டாம் டிவிசன். அப்போதுதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. ஒரு மட்ச்சில் இடைவேளைக்குக் கமரா மூன்று செக்கன் உன்னைக் காட்டியது, முள்ளுக் கரண்டி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு கிளம்பின புல்லை அமர்த்திக்கொண்டு நிற்கிறாய். நான் ரீவியை நிறுத்தி, படம் எடுத்து, தெரிந்த அவ்வளவு பேருக்கும் அனுப்பினேன். கொழும்பில் இருக்கிற உன் கமலாம்பிகை மாமி, பிள்ளை ஏன் மைதானத்துக்குள்ள நிண்டு சாப்பிடுது என்று கேட்டிருந்தா.

அதற்குப் பிறகு இராஜரட்ணம் அண்ணையும் இன்னும் மூன்று பேரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டில். அங்கே பின்னேரம் மூன்று மணி, இங்கே காலை, அம்மாவுக்குக் கோயிலும் இல்லை குளமும் இல்லை, ரோல்ஸ் பொரிப்பதுதான் பூசை. பேஸ்மென்றில் குளிர் என்று இராஜரட்ணம் அண்ணை சொன்னார். அதுதான் சாட்டு. உன்னுடைய அறையில் காலை வெயில் நன்றாக வரும். முதலில் ஒரு ரீவி போட்டேன். இருபத்திரண்டில் முதலாம் டிவிசனுக்கு ஏறினவுடன் சுவர் முழுக்க மஞ்சள் பச்சைக் கொடி, ஐந்து சாய்வு நாற்காலி. உன் கட்டிலைக் கழற்றிக் கராச்சில் பனி தள்ளுகிற மெசினுக்குப் பின்னால் சாத்தினேன். அம்மா அன்றைக்கே கேட்டாள், பிள்ளை வந்தா எங்கயப்பா படுக்கிறது என்று. அவள் முதலாம் டிவிசனில் நிக்கிறாள், இஞ்ச படுக்கவோ வரப்போறாள் என்று நான் சொன்னேன். அடுத்த கோடைக்கு நீ பத்து நாள் வந்தாய். பேஸ்மென்ற் சோபாவில் படுத்தாய். கதவைத் திறந்து அறையைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை அப்பா, ரீவி நல்லாப் பெரிசு என்றாய். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அது எத்தனை அங்குலம் என்று உனக்கு விளங்கப்படுத்தினேன்.

இறக்கம் எப்படி வந்தது என்று எனக்குச் சொல்லித் தர உனக்கு எவ்வளவோ தரம் வாய்த்தது, நான்தான் கேட்கவில்லை. முதலாம் டிவிசனுக்கு ஏற்ற விளக்கு வேண்டும், இருக்கை வேண்டும் என்று தக்காளி முதலாளி கடன் வாங்கிக் கட்டினார். பேர் பெற்ற, கால் தேய்ந்த ஒரு கிழட்டு ஆட்டக்காரரைக் கொண்டுவந்தார். நான் இங்கே அவர் வந்ததற்குக் கேக் வெட்டினேன். அங்கே உன்னோடு வேலை செய்த மூன்று பேர் இரண்டாகி, ஒன்றாகி, கடைசியில் நீ மட்டும். நிலத்துக்கு அடியில் சூடாக்குகிற குழாயை இரண்டு நாளுக்கு ஒருக்கால்தான் போட விட்டார்கள், புல்லில் பூஞ்சணம் பிடித்தது. இதையெல்லாம் நீ அம்மாவுக்குச் சொன்னாய், அம்மா எனக்குச் சொன்னாள், நான் ரீவியைப் பார்த்து, பந்து குதிக்கிறது சரியில்லை, கௌசி என்ன செய்யிறாள் என்று நாலு பேருக்கு முன்னால் கேட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும். இருபத்துநாலு மாசிமாதம் இங்கே நகரத்துப் பார்க்குகளின் விளையாட்டு மைதானங்களைப் பார்க்கிற வேலை உனக்குக் கிடைத்தது, மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் அம்மா சொன்னாள். முதலாம் டிவிசனை விட்டிட்டுப் பார்க்கில புல்லு வெட்ட வாறதோ என்று நான் சிரித்தேன். யூனியன்வில் மனிசி கண்ணாடியில் தட்டின சத்தம் அப்போதும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது போல.

அந்த மாதக் கடைசி ஞாயிறு நீ போன் எடுத்தாய். ஒன்பதுக்குப் பத்து நிமிடம். அன்று மட்ச் வெளியூரில், நீ வெறும் மைதானத்தில் தனியே நின்றுகொண்டு எடுத்தாய், பின்னால் தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டது. அறைக்குள் நாலு பேரும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கேட்கட்டும் என்று நடைவழியில் நின்று சத்தமாகப் பேசினேன், மகள் மைதானத்தில நிண்டு கதைக்கிறாள் என்று வேறு சொன்னேன். கோல்காரனின் தோள்மூட்டு எப்படி என்று கேட்டேன். நீ அதற்குப் பதில் சொல்லாமல், அப்பா எனக்குக் களைச்சுப் போச்சு என்றாய். எல்லாருக்கும் களைப்புத்தான் பிள்ளை, இன்னும் பன்னிரண்டு மட்ச் கிடக்கு என்றேன். என்னவோ நீ விளையாடப் போகிற மாதிரி. பிறகு இடது பக்கத்தில் யாரை நிறுத்த வேண்டும் என்று உனக்கு ஐந்து நிமிடம் வகுப்பு எடுத்தேன். நீ கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு, அப்பா, நான் வாறன் என்றாய். உள்ளே இராஜரட்ணம் அண்ணை, இங்கால தொடங்கிட்டுது வாருமன் என்று கத்தினார். நான், ஓம் பிள்ளை, போட்டு வா என்று சொல்லி வைத்துவிட்டேன். நாலுக்குப் பூச்சியம் என்று தோற்றோம்.

எங்கள் ஆட்கள் ஒருநாளும் போறன் என்று சொல்லி வெளிக்கிட மாட்டார்கள், அது கூடாத சொல். வீட்டைவிட்டுப் போகிறவனும் வாறன் என்பான், போனை வைக்கிறவனும் வாறன் என்பான், நிற்கிறவன், போய்விட்டு வா என்கிற அர்த்தத்தில், போட்டு வா என்பான். நானும் நீ போனை வைக்கிறாய் என்று எடுத்து, போட்டு வா என்றேன். நீ இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, சொல்லுக்கு நேரே அர்த்தம் எடுத்து, வீட்டுக்கு வாறன் என்று சொல்லியிருக்கிறாய். இதை நான் போன மாதம்தான் அறிந்தேன். கிளப் மூடின பிறகும் நீ அந்தப் பூட்டின மைதானத்துக்குத் திறப்பை வைத்துக்கொண்டு இன்னும் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பதைக் கேட்டு அம்மா உன்னை ஏசினாளாம், அந்த நேரம் வேலையும் கிடைச்சுது, ஏன் பிள்ளை வராமல் விட்டனீ என்று. அதற்கு நீ, வாறன் எண்டு அப்பாட்டச் சொன்னனான், அவர் போட்டு வா எண்டிட்டார் என்றாயாம். அழவுமில்லையாம், சும்மா சொன்னாயாம். அம்மா வந்து உன் அறை வாசலில் நின்றாள். நான் தனியே இருந்து ஏதோ ஒரு மட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷத்தில் முதலாம் டிவிசனில் இருந்து இரண்டு, இரண்டில் இருந்து மூன்று, போன ஆடிமாதம் கடன் கட்ட முடியாமல் கிளப்பையே மூடிவிட்டார்கள், அந்த நாலு பேரும் எப்போதோ இங்கிலாந்துக் கிளப்புகளுக்கு மாறிவிட்டார்கள். இராஜரட்ணம் அண்ணை, உம்மட மகளின்ர புல்லில இனி ஆடு மேய்க்கலாம் என்று ஒருநாள் பகிடி விட்டார், நானும் சிரித்தேன், உன்னை வைத்து விட்ட பகிடிக்குச் சிரித்தேன். அம்மா ரீவியை மறைத்துக்கொண்டு நின்று நீ சொன்னதை அப்படியே சொன்னாள். பிறகு, நீர் அனுப்பி வைச்சீர் என்றாள். அவ்வளவுதான். அன்றிரவு புட்டு, அம்மா தன்னுடையதை அடுப்படியில் நின்றே சாப்பிட்டாள்.

அம்மாவிடம் நான், எனக்கு விளங்கேல்லையப்பா, எல்லாரும் சொல்லுற வாறன் எண்டு நினைச்சிட்டன் என்று சொன்னேன். அவள் நம்பினாளோ தெரியாது. உனக்கு உண்மையைச் சொல்கிறேன், அதற்குத்தான் இவ்வளவு கடதாசியும். நீ வழமையாக வைக்கும்போது சரி வாறன் என்று ஒரே மூச்சில் சொல்லுவாய். நான் என்ற சொல் அதில் ஒருநாளும் இருந்ததில்லை. அன்றைக்கு இருந்தது. அப்பா என்றாய், கொஞ்சம் நிறுத்தினாய், நான் வாறன் என்றாய். அந்த நான் என் காதில் விழுந்தது, கௌசி. விழுந்தது எனக்குத் தெரியும். கால் செக்கன் நின்று, என்ன பிள்ளை, எங்க வாறாய் என்று கேட்டிருந்தால் போதும். கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். நீ வந்தால் அந்த அறையில் நான் யார், யூனியன்வில்லில் புல்லு வெட்டினவன், இவ்வளவுதானே. அதனால் இரண்டு வாறனில் எனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டு போய் நாற்காலியில் இருந்தேன். மொழியின் மேல் பழியைப் போட்டுத் தப்பலாம், யாரும் நம்புவார்கள். உன்னிடம் நான் அதைச் செய்யவில்லை என்று நீ அறிய வேண்டும்.

இப்போது மொன்தெசல்வா ஊர்ச் சனம், பாண்பேக்கரிக்காரரும் பள்ளிக்கூட ரீச்சர்மாரும் சேர்ந்து, அடித்தட்டில் ஒன்பதாம் படியில் இருந்து புதுக் கிளப் ஒன்று தொடங்கப் போகிறார்கள், உன்னை நிற்கச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். கிளப் போனாலும் கடதாசியில் மிஞ்சிக் கிடக்கிற உன் ஒப்பந்தமும் மார்கழியோடு முடிகிறது என்றும் சொன்னாள். நான் ஒரு முறை உனக்குப் பதிலாக முடிவெடுத்தவன், இன்னொரு முறை எடுக்க மாட்டேன். நில் என்றும் சொல்லவில்லை, விட்டுவிட்டு வா என்றும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று, வாறன் என்று நீ சொன்னதற்கு அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்றைக்குச் சொல்கிறேன், பிந்தினாலும் வைத்துக்கொள். வா. போட்டு வா இல்லை. வெறும் வா. நிற்பதென்றாலும் இதை வாசித்த பிறகு நில், அப்போது உனக்குப் பிடித்து நிற்கிறாய் என்று இருக்கும், அப்பா அனுப்பி நிற்கிறாய் என்று இருக்காது. ஒன்பதாம் படியில் உன் புல்லைப் பார்க்க ரீவியில் வழியில்லை, அதனால் அம்மாவும் நானும் நேரில் வந்து பார்ப்போம், கோட்டுக்கு வெளியே நிற்கிறோம், இடது பக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன்.

கொடியைக் கழற்றி மடித்து வைத்திருக்கிறேன், எறியவில்லை, அது உன்னுடையது. நாற்காலிகளில் இரண்டை பேர்ணடெற் அன்ரி எடுத்துக்கொண்டா. ரீவி பேஸ்மென்றில், எனக்கும் அங்கே குளிரவில்லை என்று இப்போதுதான் கண்டுபிடித்தேன். கட்டிலைக் கராச்சில் இருந்து எடுத்துப் பூட்டினேன், எட்டு ஆணியில் இரண்டு பனி மெசினுக்குள் போய்விட்டதோ என்னவோ காணவில்லை, மூன்று கடை ஏறி இறங்கி அதே அளவில் வாங்கிவிட்டேன். இறுகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போன வியாழன் பின்னேரம் நானே அதில் படுத்துப் பார்த்தேன், அப்படியே நித்திரையாகிவிட்டேன், அம்மா வந்து பார்த்துவிட்டுப் போர்த்துவிட்டுப் போனாள். இடது பக்கம் திரும்பினால் கொஞ்சம் கிறீச் என்கிறது, எண்ணெய் விடுகிறேன். பழைய அலுமாரிக்குள் உன்னுடைய கொலிஜ் கொப்பி ஒன்று கிடந்தது, அதில் புல்லு வகைகளின் பெயர்கள், பக்கத்தில் உன் கையெழுத்தில், அப்பா வெட்டினது எது என்று கேட்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாய். நீ கேட்கவில்லை. நான் கேட்க விடவில்லை என்பதுதான் சரி. பெயர் எனக்குத் தெரியாது பிள்ளை, நல்ல கரும்பச்சை, வெட்டினவுடன் வாசம் வரும். உனக்குத் தெரிந்திருக்கும்.

அம்மா உனக்கு மிளகாய்த்தூளும் புட்டுமாவும் பொதி பண்ணி அனுப்பப் போகிறாள், இதையும் அதற்குள் வைத்துவிடுவாள், தூள் மணந்தால் என்னை ஏசாதே. முருகன் உன்னோடு நிற்பார், குளிரில் அவருக்கும் ஒரு தொப்பி கொடு. நாங்கள் இருவரும் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிற மாதிரி நினைத்துக்கொள், உன் உயரத்துக்கு எனக்கு எட்டாது, குனிந்துகொள். கடைசியாக ஒரு ஞாபகமூட்டல், மறந்துவிடாதே. இனிமேல் போனை வைக்கும்போது வைக்கிறன் என்று சொல். வாறன் என்று நீ சொன்னால் நான் எங்கே என்றும் கேட்க மாட்டேன், எப்போது என்றும் கேட்க மாட்டேன், குளிர்காலச் சில்லு மாற்றியிருக்கிறேனோ இல்லையோ, காரை எடுத்துக்கொண்டு பியர்சன் எயார்போட்டுக்கு வெளிக்கிட்டுவிடுவேன்.

உன் அப்பா,
புல்லு வெட்டின
ஸ்ரீஸ்கந்தராசா